நாற்றைப் பிடுங்கிவிட்டோம், மழை வரவில்லை

லூர்து, லூர்து மேரி, உன் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும். உன்னைக் கூப்பிடாமல் நான் எந்த வேலையை ஆரம்பித்திருக்கிறேன்? காலையில் பண்ணை கேட்டுக்குள் காலை வைக்கும்போதே "லூர்து" என்று ஒரு சத்தம் போடுவேன். பாத்தி நடுவிலிருந்து "வந்துட்டாங்க மகாராணி" என்று நீ சொல்வாய். நீ போன பிறகு கூப்பிட்டால் மோட்டார் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. அதனால்தான் நான் வேலையை விட்டேன். இடுப்பு வலி என்று பண்ணையை நடத்துகிற யூனிவர்சிட்டி மேடத்திடம் சொன்னது பொய்.

மேடம் நேற்று வீட்டுக்கு வந்திருந்தார். நாற்றுப் பாத்திக்குப் புதிதாக ஆட்கள் சேர்ந்திருக்கிறார்களாம். உன்னைத் தெரியாத பிள்ளைகள். அவர்களுக்கு ஏதாவது சொல்லு சாந்தி என்றார். எனக்கு உன்னைத் தவிர சொல்வதற்கு ஒன்றுமில்லை.

அதனால் தங்கச்சிகளா, தம்பிகளா, இதைக் கேளுங்கள். பாத்தி எப்படிக் கட்டுவது, தண்ணீர் எப்போது விடுவது, கட்டு எவ்வளவு பருமன் என்பதெல்லாம் அங்கே சொல்லிக் கொடுப்பார்கள். நான் சொல்லப்போவது வேறு. நீங்கள் செய்தது தப்பாகப் போய், அந்தத் தப்பு ட்ராக்டர் நிறைய உங்கள் முன்னால் வாடிக்கொண்டிருக்கும்போது என்ன செய்வது என்பதைப் பற்றி.

மழை வருஷா வருஷம் ஏமாற்றிக்கொண்டிருந்த சமயம் அது. ஆனேக்கல் பக்கத்து ஊர்களில் தண்ணீர் இல்லாத நிலம் வைத்திருப்பவர்களுக்கு ராகிதான் சோறு. விளைந்தால் வருஷம் முழுக்கக் களி உண்டு. விளையாவிட்டால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பெங்களூரில் கட்டட வேலைக்குப் போக வேண்டும். முதல் மழையை நம்பி விதைப்பார்கள், முளைத்து ஒரு விரல் உயரம் வந்து கருகிவிடும். மறுபடி விதைக்க வீட்டில் ராகி இருக்காது. இருந்தாலும் பருவம் தாண்டியிருக்கும்.

அதற்கு நம் யூனிவர்சிட்டி ஒரு வழி செய்தது. பண்ணையில் போர்க்கிணறு இருந்தது. அந்தத் தண்ணீரில் சீக்கிரம் விளைகிற ராகியை நாற்றாக வளர்த்து வைப்போம். பின்னால் ஒரு நல்ல மழை பெய்தால் போதும். நாற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தால் நட்டுவிடுவார்கள். விதைத்து முளைக்கிற நாளெல்லாம் மிச்சம். படித்தவர்கள் யோசித்த வழிதான். நல்ல வழி. நானே பார்த்து ஆச்சரியப்பட்டேன். இத்தனை பெரிய யூனிவர்சிட்டி, ஒரு ஊர்க்காரி வீட்டு அடுப்பைப் பற்றி யோசிக்கிறதே என்று.

ஆனால் அதில் ஒரு சங்கடம் இருந்தது. எப்போது பிடுங்குவது?

முதல் வருஷம் மழை பெய்த பிறகுதான் பிடுங்கினோம். அதுதான் முறை. ஆனால் மழை பெய்ததும் எல்லா ஊரும் ஒரே நேரத்தில் வந்து நின்றது. இருப்பது ஒரே ட்ராக்டர். கடைசி ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் வெயில் அடித்து மண் காய்ந்துவிட்டது. செம்மண், தண்ணீரைப் பிடித்து வைக்காது. அந்தக் கடைசி ஊரில்தான் ரத்னம்மா இருந்தாள். புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள், மேட்டு நிலம் கொஞ்சம். காய்ந்த மண்ணில் நட்டாள். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. அந்த வருஷம் பிள்ளைகளோடு பெங்களூருக்குப் போய் ஒரு கட்டடத்தடியில் தங்கிக் கல் சுமந்தாள். சின்னவன் சிமென்ட் தூசியில் இருமி இருமி எலும்பாகத் திரும்பி வந்தான். அடுத்த வருஷம் நாற்று விடும்போது பண்ணைக்கே வந்து பாத்தியைப் பார்த்துவிட்டு லூர்துவிடம் சொன்னாள்.

"இந்தத் தடவையும் போச்சுன்னா நெலத்த வித்துட்டு ஒரேயடியா போயிடுவேன் மேரம்மா. மறுபடி மறுபடி போய்ட்டு வர்றதுக்கு என் பையனுக்கு ஒடம்பு இல்ல."

லூர்துவுக்குத் தூக்கம் போனது அன்றைக்குத்தான்.

லூர்து பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் மண் என்றால் பூந்தொட்டி மண்தான். பஸ் மாறி பஸ் மாறி அத்தனை தூரம் வருவாள். சீக்கிரமே மேஸ்திரி ஆகிவிட்டாள், எங்களைவிட அதிகம் தெரியும் என்பதால் இல்லை, யாராவது முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் அவள்தான் வாயைத் திறப்பாள் என்பதால்.

அந்த இரண்டாவது வருஷம் நாற்று தயாராகி நின்றது. மழை இல்லை. நாற்றுக்கு வயது ஏறிக்கொண்டே போனது. முற்றினால் நட்டாலும் தூர் கட்டாது, விளைச்சல் இருக்காது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, தெற்கே ஓசூர் பக்கம் வானம் மாட்டுத் தோல் மாதிரி கறுத்து இறங்கியது. காற்று குளிர்ந்தது. எங்கோ பெய்கிற மழையின் மண்வாசனைகூட வந்தது. மேடத்துக்கு அன்றைக்கு யூனிவர்சிட்டியில் ஏதோ மீட்டிங். போன் போட்டோம், லைன் கிடைக்கவே இல்லை.

லூர்து வானத்தைப் பார்த்தாள். பாத்தியைப் பார்த்தாள். ரத்னம்மா ஊருக்கு இந்தத் தடவை முதலில் கொடுக்கிறோம் என்று முன்பே முடிவாகியிருந்தது.

"புடுங்குங்கடி," என்றாள்.

நான் சொன்னேன், மேடம் வரட்டும், மழை விழட்டும் என்று. அவள் சொன்னாள், போன வருஷம் விழட்டும்னு இருந்துதான் விட்டோம். நாத்து ஊர்ல இருக்கும்போது மழை வரணும், மழை வந்தப்புறம் நாத்து கெளம்பக் கூடாது.

அது தப்பான பேச்சு இல்லை. இன்றைக்கும் நான் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். எல்லோரும் குனிந்து பிடுங்கினோம். வேரை அலசி, பழைய புடவையைக் கிழித்து அதில் கட்டினோம். யார் வீட்டுக்கு எந்தத் துணி என்று அடையாளம். ரத்னம்மாவுக்கு மஞ்சள். ஈரக் கோணி போட்டு மூடி ட்ராக்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். சந்தாபுரா தாண்டும்போது இரண்டு பெரிய துளி என் கையில் விழுந்தது. லூர்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்தது என் கண்ணில் அப்படியே நிற்கிறது.

ஊருக்குப் போய் இறங்கினோம். பெண்கள் எல்லோரும் நிலத்தில் தயாராக நின்றார்கள். மேகம் எங்கள் தலைக்கு மேலே வந்தது, கொஞ்ச நேரம் நின்றது, அப்படியே கிழக்கே போய்விட்டது. பின்னாலேயே வெயில் வந்தது. சுள்ளென்று.

அந்த வெயிலை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கோணி மேலே கை வைத்தால் சூடாக இருந்தது. உள்ளே நாற்று வெந்துகொண்டிருந்தது. லூர்து கோணியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். குடிதண்ணீர்க் குழாயில் தண்ணீர் பிடித்துத் தெளிக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். குழாயில் ஊருக்குக் குடிக்கவே தண்ணீர் இல்லை. பண்ணைக்குத் திருப்பிக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். அதற்குள் பாதி செத்துவிடும் என்றாள் லூர்து. அவள் உதடு காய்ந்து வெடித்திருந்தது. "சாந்தி, நான்தான் கொன்னுட்டேன்டி," என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அப்போதுதான் மேடம் ஜீப்பில் வந்தார். பண்ணைக்குப் போய் வெறும் பாத்தியைப் பார்த்துவிட்டு நேராக வந்திருக்கிறார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. ஒரு கட்டைப் பிரித்து வேரைப் பார்த்தார். வேரை ஈரச் சேற்றில் சொருகி நெருக்கமாக நட்டு வைத்தால் இரண்டு நாள் தாங்கும், மூன்றாம் நாள் பழுக்க ஆரம்பிக்கும் என்றார். ஈரச் சேறு எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

ஊரில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. ஊரில் பெரிய நிலக்காரரான கௌடரின் தோட்டம். போர் இருக்கிறது, மல்பெரி போட்டிருக்கிறார், ஒரு பக்கம் உழுது நனைத்து நிலம் தயாராக வைத்திருந்தார். அவரும் வேடிக்கை பார்க்க வந்து பக்கத்தில்தான் நின்றார்.

"என்ன மேடம், நாத்து மட்டும் விட்டீங்க. ஒங்க யூனிவர்சிட்டில மழைக்கும் ஒரு பாத்தி விட்டிருக்கலாம்ல," என்றார். சுற்றி நின்ற ஆண்கள் சிரித்தார்கள். ரத்னம்மா சிரிக்கவில்லை.

பிறகு அவர் நிஜமாகவே பேசினார். என் நிலம் ஈரமாக இருக்கிறது, இந்த நாற்றை எனக்குக் கொடுத்துவிடுங்கள், இப்போதே நடுகிறேன், ஒன்றுகூடச் சாகாது என்றார். அவர் சொன்னது உண்மைதான். மேடம் முகம் மாறியது. மேடத்தை ஓரமாகக் கூப்பிட்டு லூர்து பேசினாள், நானும் கூட நின்றேன்.

மேடம் கெட்டவர் இல்லை என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அவருக்கு மேலே ஆள் இருக்கிறார்கள். நாற்று எங்கே, எவ்வளவு பிழைத்தது என்று கேட்பார்கள். எல்லாம் செத்தது என்றால் அடுத்த வருஷம் இந்த வேலைக்கே தண்ணீர் விட மாட்டார்கள். எங்கேயாவது உயிரோடு இருக்கட்டும் லூர்து, ராகி ராகிதானே, என்றார்.

லூர்து தலையை ஆட்டினாள். "அவருக்குச் சோறு இருக்கு மேடம். இல்லாதவங்களுக்காகத்தானே விட்டோம்."

"செத்துட்டா யாருக்குச் சோறு?"

இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் இருந்தது. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது.

லூர்து திரும்பிக் கௌடரிடம் போனாள். நாற்றைக் கொடுக்க மாட்டோம், ஆனால் உங்கள் சேற்றில் ஒரு ஓரம் கொடுங்கள், மழை வரும்வரை சொருகி வைக்கிறோம் என்று கேட்டாள். கௌடர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"என் நெலம் என்ன, சத்திரமா?" என்றார். தோட்டத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, "சரி. ரெண்டு நாள். மூணாம் நாள் காலையில மழ இல்லன்னா அது என் நாத்து. ஒப்புக்கிறியா?"

லூர்து வாயைத் திறந்தாள். ஒப்புக்கொள்ளத்தான் போகிறாள் என்று நினைத்தேன். வேறு என்ன வழி இருக்கிறது? ஆனால் அவள் வாயை மூடிக்கொண்டாள். நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இந்த இடத்தைத்தான். அந்த அவசரத்தில், கோணிக்குள் நாற்று வெந்துகொண்டிருக்கும்போது, அவள் திரும்பி ரத்னம்மாவும் மற்றப் பெண்களும் நின்ற இடத்துக்கு நடந்து போனாள்.

"நான் என்ன சொல்லட்டும் ரத்னம்மா? நாத்து உங்களது," என்றாள்.

காலையிலிருந்து நாங்கள் எல்லோரும் அவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேடம் கேட்கவில்லை, நான் கேட்கவில்லை, பிடுங்கும்போது லூர்துவும் கேட்கவில்லை.

ரத்னம்மா முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு கௌடர் முன்னால் போய் நின்றாள்.

"மழ வரலன்னா, சாவறதுக்குப் பதிலா ஒங்க நெலத்துல வளரட்டும் கௌடரே. ஆனா களை எடுக்கறதும் அறுக்கறதும் நாங்கதான். வெளி ஆள் வரக் கூடாது. கூலி ரூபாயா பேடா, வேணாம். ராகியா குடுக்கணும்."

"எவ்ளோ?"

"அதை அப்புறம் பேசலாம். மொதல்ல நாத்து வேரு காயுது."

கௌடருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "யூனிவர்சிட்டிக்கு நீ போயிருக்கணும் தாயி," என்றார். கையைக் காட்டினார். நாங்கள் எல்லோரும் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

கொடுத்துவிடு, கொடுக்காதே என்ற இரண்டைத் தவிர வேறு ஒன்று இருக்கிறது என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியது, ஏனென்றால் அது அவள் பிள்ளைகள் சாப்பாடு. நீங்கள் யாருக்காக வேலை செய்கிறீர்களோ அவர்களை ஒரு ஓரத்தில் நிற்க வைத்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். அவசரம் என்று சொல்லாதீர்கள். அன்றைக்கு இருந்ததைவிட அவசரம் எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு காத்திருந்தோம். சனிக்கிழமை வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. நானும் லூர்துவும் காலையிலேயே வந்துவிட்டோம், வந்து செய்வதற்கு ஒன்றுமில்லை, இருந்தாலும் வந்தோம். ஊர் மாடுகள் எல்லாம் பட்டினி. சுற்று வட்டாரத்தில் பச்சை என்று இருந்தது அந்தச் சேற்றில் நின்ற நாற்றுதான். மாடுகள் மோப்பம் பிடித்து வந்துகொண்டே இருந்தன. பெண்கள் தங்கள் மாட்டையே குச்சியால் அடித்துத் துரத்தினார்கள். ஒருத்தி தன் பசுவை அடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். லூர்து குச்சியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, நீ போ, ஒன் மாட்ட நான் தொரத்தறேன், என்னை அது மொறைச்சாப் பரவால்ல, என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்குப் போகவில்லை. பூசையை விட்டுவிட்டு அப்படி என்ன நாற்று என்று அவள் அம்மா திட்டி அனுப்பியிருக்கிறார். மத்தியானம் நாற்று நுனி வெளுக்க ஆரம்பித்தது. நான் நிமிஷத்துக்கு ஒரு தடவை மேலே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வானத்தையே பாக்காதடி. பாத்தா அது பிகு பண்ணிக்கும்," என்றாள்.

ஆனால் கொண்டுவந்த சோற்றை அவள் பிரிக்கவே இல்லை. நான் ஊட்டிவிடப் போனேன், தட்டிவிட்டாள்.

திங்கட்கிழமை காலையிலும் மழை இல்லை. கௌடர் வெளி ஆளோடு வரவில்லை. பேசினபடி ஊர்ப் பெண்களையே கூப்பிட்டார், அதில் அவர் சொன்ன சொல் தவறவில்லை. பெண்கள் தங்கள் நாற்றைத் தாங்களே எடுத்து அவர் நிலத்தில் நட்டார்கள். கரையோரம் முதலில் இருந்தது மஞ்சள் துணிக் கட்டுகள். ரத்னம்மா தன் கையாலேயே அதைப் பிரித்து நட்டாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் மோட்டார் கொட்டகைப் பின்னால் போய் நின்றேன். லூர்து போகவில்லை. அவளும் இறங்கி ரத்னம்மா பக்கத்தில் குனிந்து நட்டாள்.

பாதி நிலம் நட்டிருப்பார்கள். மேகம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்றுகூடத் தெரியாது. பார்ப்பதை விட்டுவிட்டிருந்தோம். மழை சடசடவென்று விழுந்தது. குனிந்திருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். யாரும் கத்தவில்லை, ஆடவில்லை. எல்லோரும் கௌடரையே பார்த்தார்கள். பேச்சுப்படி காலையிலேயே அது அவர் நாற்று ஆகிவிட்டது.

கௌடர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மழையில் நின்றார். பிறகு சொன்னார், "நட்டது நட்டதுதான். மிச்சத்த எடுத்துட்டு ஓடுங்க. மண்ணு காயறதுக்குள்ள."

ஓடினார்கள். ஆனால் மிச்சம் இருந்த கட்டுகளில் மஞ்சள் துணி இல்லை. ரத்னம்மா வெறும் கையோடு வரப்பில் நின்றாள். முதலில் பார்த்தது லூர்துதான். மேஸ்திரி குரலில் ஒரு சத்தம் போட்டாள், ஒவ்வொருத்தரும் ரெண்டு கட்டு ரத்னம்மா நெலத்துல எறக்குங்க, குழிக்கு ஒரே நாத்து வச்சா எல்லாருக்கும் வரும், என்று. ஒருத்தி முணுமுணுத்தாள். "நீ மொணகறது நாத்துக்குக் கேக்கும், நடு," என்றாள் லூர்து. சாயங்காலத்துக்குள் அந்த மேட்டு நிலமும் நட்டு முடிந்தது. நிறைய இடைவெளி விட்டுத்தான் நட்டோம். ஆனால் நட்டோம்.

எல்லாம் நன்றாக விளைந்தது என்று சொல்ல மாட்டேன். ரத்னம்மா நிலத்தில் விளைந்தது சொந்தமாகச் சாப்பிடக் கொஞ்ச மாதத்துக்குத்தான் வந்தது. மிச்ச மாதத்துக்குக் கௌடர் நிலத்தில் அறுத்த கூலி ராகி வந்தது. இரண்டும் சேர்ந்து அடுத்த மழைவரை இழுத்துக்கொண்டு போனது. அடுத்த வருஷத்திலிருந்து மேடம் நாற்று விடுவதற்கு முன்னாலேயே ஊர் ஊராகப் போய்ப் பெண்களோடு உட்கார்ந்தார். மழை தவறினால் யார் சேற்றில் சொருகுவது, கூலி எவ்வளவு ராகி என்று அப்போதே பேசிவிடுவார்கள். இப்போது நீங்கள் அதை யூனிவர்சிட்டி வழி என்று படிக்கிறீர்கள். அது வெயிலில் நாங்கள் வழி தெரியாமல் நின்றபோது ரத்னம்மா வாயிலிருந்து பிறந்தது.

சில வருஷம் கழித்து லூர்து காய்ச்சல் என்று படுத்தாள். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நானும் அப்படித்தான் நினைத்து ஒரு நாள் பார்க்கப் போகாமல் இருந்துவிட்டேன். மறுநாள் போனபோது அவளுக்கு என்னைத் தெரியவில்லை. அப்படியே போய்விட்டாள், முப்பது வயதுகூட ஆகவில்லை.

ரத்னம்மா அடக்கத்துக்கு வந்திருந்தாள். கல்லறைத் தோட்டத்தில் ஓரமாக நின்றாள். நான் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஒன்றுதான் சொன்னாள்.

"அந்த வருஷம் நான் பெங்களூருக்குப் போகல. இப்பத்தான் வந்திருக்கேன், மேரம்மாவுக்காக."

சின்னவன் பக்கத்தில் நின்றான். தாட்டியாக வளர்ந்திருந்தான்.

தங்கச்சிகளா, தம்பிகளா, நீங்கள் மசூதிக்குப் போகிறவர்களாக இருந்தாலும், மாரம்மாவுக்கு விளக்கு வைக்கிறவர்களாக இருந்தாலும், அவளைப் போலக் கோயில் மணி அடித்தால் முழங்கால் போடுகிறவர்களாக இருந்தாலும், நாளைக்குப் பாத்தியில் இறங்குவதற்கு முன்னால் லூர்து மேரி என்று ஒரு தடவை சொல்லுங்கள். அவள் ஆத்மா நிம்மதியாக இருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்த சாமியிடம் கேளுங்கள். எனக்கும் சேர்த்துக் கேளுங்கள். நான் கேட்க ஆரம்பித்தால் அழுகைதான் வருகிறது, வார்த்தை வருவதில்லை.